கடைத்தெரு ஆங்கிலம் போதுமா?

மாலை ஐந்து மணிக்கு மேல் வெள்ளவத்தைக் காலி வீதியிலே நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் இடையே ஒடுங்கிய படிக்கட்டுகள்; அப்படிக்கட்டுகளிலே கையிற் கொப்பியுடன் ஏறிச் செல்லும் இளைஞரும் யுவதியரும்; வாயிலிலே பெரிய பலகை. முப்பது நாளிற் சரளமான ஆங்கிலம் என்கிறது ஒரு பலகை. மூன்றே மாதத்தில் வெளிநாட்டுப் பரீட்சையிற் சித்தி என்கிறது அடுத்த பலகை. கொட்டாஞ்சேனைக்குச் சென்றால் ஜெம்பட்டா வீதிப் பக்கத்திலும் இதே காட்சிதான். கட்டணம் சற்றுக் குறைவு. அறை சற்று நெருக்கம். வாக்குறுதி மட்டும் ஒன்றே.

படியேறிச் செல்கின்ற இவர்கள் யார்? வன்னிக் கமக்காரரின் மகள். நெல்லறுவடை முடிந்து கடன் கட்டியது போக எஞ்சிய பணத்தைத் தந்தை அவளுடைய அறை வாடகைக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் அனுப்புகிறார். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனைக் கடையொன்றிற் பகலெல்லாம் நின்று வேலை செய்யும் வாலிபன். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் வேண்டிய புள்ளி கிட்டாமையால் மூன்றாம் முறை கட்டணஞ் செலுத்தக் காத்திருக்கும் தாதி. இலண்டனிலுள்ளவருக்கு மணமுடிக்கப்பட்ட பெண். 2010 நவம்பர் முதல் ஐக்கிய இராச்சியத்திலுள்ள கணவனிடமோ மனைவியிடமோ சென்று வாழ விரும்புவோர் ஆங்கிலப் பரீட்சையொன்றிற் சித்தியெய்துதல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே, அப்பெண்ணுக்கு ஆங்கிலம் என்பது கணவன் வீட்டுக் கதவின் திறவுகோல்.

இவர்களை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. ஆங்கிலத்தை வெறுக்கும்படி தமிழ் மக்களுக்கு உபதேசஞ் செய்வதும் நமது நோக்கமன்று. நாம் கேட்க விரும்பும் வினா வேறு. பாடசாலையிலே மூன்றாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்ட பிள்ளை, பத்தொன்பதாம் வயதில் எதற்காக வெள்ளவத்தைப் படிக்கட்டில் ஏறுகிறது? ஒன்பது ஆண்டில் வராத மொழி முப்பது நாளில் எவ்வாறு வரும்?

இவ்வினாவுக்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியர் ஆட்சியிலே இந்நாட்டில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. ஆங்கிலப் பாடசாலையிற் கட்டணம் வாங்கினர். சுயமொழிப் பாடசாலையிலே இலவசமாகக் கற்பித்தனர். ஆங்கிலங் கற்றவர் உத்தியோகத்தரும் வைத்தியரும் அப்புக்காத்துமாயினர். சுயமொழி கற்றவர் மீண்டும் வயலுக்கே சென்றனர். அறிவுக்கும் வறுமைக்கும் இடையிலே ஒரு வேலி நின்றது. அவ்வேலியின் பெயர் ஆங்கிலம். கன்னங்கரா அவர்களின் தலைமையிலமைந்த விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அவ்வேலியைத் தகர்த்தன. அதன் பின்னர் தாய்மொழி போதனாமொழியாயிற்று. கமக்காரரின் பிள்ளையும் கடற்றொழிலாளரின் பிள்ளையும் தமிழிலே விஞ்ஞானம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தனர். இஃது இந்நாடு கண்ட நன்மைகளுள் மிகப் பெரியதொன்று. அதனை எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

ஆனால், வேலியைத் தகர்த்தவர்கள் ஒரு கடமையைச் செய்யாது விட்டனர். போதனாமொழி என்னும் இடத்திலிருந்து இறங்கிய ஆங்கிலத்தை ஓர் அந்நிய மொழியாக, முறையாக, எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க ஏற்பாடு செய்தாரல்லர். பாடநூல் இருந்தது, நேர அட்டவணையிலே பாடவேளை இருந்தது, பல கிராமப் பாடசாலைகளிற் கற்பிப்பதற்கு ஆள் இல்லை. இன்றைக்கும் நிலைமை என்ன? சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்திற் சித்தியெய்தாதவரும் உயர்தர வகுப்பிற் சேரலாம். உயர்தரப் பரீட்சையில் வரும் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அதே மாணவன் மருத்துவ பீடத்திலோ பொறியியற் பீடத்திலோ காலடி வைக்கும் முதல் நாளே விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது! நீந்தக் கற்பியாமலே பிள்ளையை ஆற்றிலே தள்ளுகின்ற கதை இது.

சட்டக் கல்லூரி விடயத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திரார். பரீட்சைகள் யாவும் ஆங்கிலத்திலேயே நடைபெறல் வேண்டும் என்னும் விதி 2020ஆம் ஆண்டின் இறுதியில் வர்த்தமானியில் வெளிவந்தது. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் ஒருங்கே எதிர்த்தனர். 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் அவ்விதியை நிராகரித்தது. நிராகரித்தது முறையே. ஆனால், விதி வீழ்ந்த மறுநாள் அம்மாணவர்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டதா? இல்லை. மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் சட்ட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. உரிமையைக் காத்தோம், ஆற்றலைக் கொடுத்தோமா?

இத்துன்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிங்களப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். வாள் என்பது அதன் பொருள். தம்மை வெட்டி வீழ்த்தும் வாளாக அம்மொழியை அவர்கள் கண்டனர். இருமொழி மக்களும் ஒரே வாளின் முன்னே நிற்கின்றனர் என்பதை ஆள்வோர் உணர்ந்திருந்தால் எத்துணையோ நன்மை விளைந்திருக்கும். அவர்களோ 1956இல் ஆங்கிலத்தை நீக்கிச் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கினர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழியாகும் என்றும் எழுதினர். இணைப்பு மொழி என்று எழுதிவிட்டால் இணைப்பு உண்டாகிவிடுமா? பாலம் என்று பெயர்ப்பலகை நட்டால் ஆற்றைக் கடக்க முடியுமா?

2009ஆம் ஆண்டை அரசினர் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தனர். அதே ஆண்டிலே வன்னிப் பிள்ளைகள் மெனிக் பாம் முகாமிற் கம்பிவேலிக்குள் இருந்தனர். அன்று மூன்றாம் வகுப்பில் ஆங்கில அரிச்சுவடியைத் தொட வேண்டியிருந்த பிள்ளை இன்று இருபது வயதைக் கடந்துவிட்டது. வெள்ளவத்தைப் படிக்கட்டில் ஏறுவோருள் அப்பிள்ளையும் ஒன்று. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நிற்க. பெற்றாருள் வசதியுடையோர் இப்போது வேறொரு வழியை நாடுகின்றனர். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டுமாயின் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே கற்பித்துவிடுதல் நன்று என்று எண்ணிச் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். இப்பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை. அவற்றுள் நல்லனவும் உள. ஆயினும், ஒரு மொழியைக் கற்பதும் ஒரு மொழியிற் கற்பதும் வேறு வேறு என்பதைப் பெற்றார் உணர்தல் வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளை, விளங்காத மொழியிலே விளங்காத கணக்கைப் படிக்கிறது, மனப்பாடஞ் செய்கிறது, பேத்தியின் கடிதத்தைப் பாட்டி வாசிக்க முடியாது, பாட்டியின் கடிதத்தைப் பேத்தி வாசிக்க முடியாது என்னும் நிலை வீட்டினுள்ளே உண்டாகிறது. இதற்கு ஆங்கிலங் கற்றல் என்று பெயரிடல் பொருந்தாது.

நம் முன்னோர் எவ்வாறு கற்றனர்? 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிலே ஆங்கிலமும் விஞ்ஞானமும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. கூடவே தமிழும் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே பின்னர் ஏட்டுச்சுவடிகளைத் தேடியலைந்து, 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. ஆறுமுக நாவலரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் ஆங்கிலங் கற்றவரே. தனிநாயக அடிகள் தமிழின் பெருமையை உலகத்தாருக்கு உணர்த்த 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். இவர்கள் எல்லாரும் தமிழிலே வேரூன்றி நின்று ஆங்கிலக் கிளையை எட்டிப் பிடித்தவர்கள்.

இன்னொருவரையும் நினைவுகூர்வோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள் முதலில் ஆங்கிலத்திலே மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். பின்னர், 1864இல் மானிப்பாயிலே தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். அதற்காகத் தாமே தமிழ் கற்றார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவருக்குத் தமிழ் அந்நிய மொழி. அந்நிய மொழியை ஒருவர் எங்ஙனங் கற்பார்? தமக்குத் தெரிந்த மொழியில் நின்றுகொண்டு, வேறுபாடுகளை ஒவ்வொன்றாக அறிந்து, நாள்தோறும் பேசிப் பழகிக் கற்பார். போப்பையர் தமிழ் கற்க விரும்பிய ஆங்கிலேயருக்கெனக் கைந்நூலொன்றை ஆங்கிலத்திலேயே எழுதியதன் காரணமும் இதுவே. அவர்கள் நம் மொழிக்குச் செய்த மரியாதையை நாம் அவர்கள் மொழிக்குச் செய்தல் வேண்டாமா?

வெள்ளவத்தை வகுப்புகளிற் பல இவ்விடத்திலேதான் தவறுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எது கடினம் என்பதை அறிந்து கற்பிப்போர் மிகச் சிலர். தமிழிலே வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்து வந்துவிடும். நாம் வேற்றுமை உருபைப் பெயரின் பின்னே ஒட்டுகிறோம். அவர்கள் அப்பொருளைத் தருஞ் சொல்லைப் பெயரின் முன்னே வைக்கிறார்கள். பெயருக்கு முன் நிற்கும் 'ஏ', 'த' என்னுஞ் சிறு சொற்கள் நமக்கு முற்றும் புதியவை. நாம் என்றும் நாங்கள் என்றும் வேறுபடுத்திச் சொல்வதற்கு அவர்களிடம் ஒரே சொல்தான் உண்டு. இவ்வேறுபாடுகளைத் தமிழில் விளக்கப் பத்து நிமிடம் போதும். விளக்காவிட்டாற் பத்து ஆண்டும் போதாது. அதற்குப் பதிலாக, வகுப்பிலே தமிழ் பேசினாற் குற்றப்பணம் என்று அறிவித்துவிட்டு, நூறு பேருக்கு ஒலிபெருக்கியில் வாக்கியங்களை ஒப்புவிக்கச் செய்வதாற் பயன் என்ன? வாய் திறவாமலே ஒருவன் பேசக் கற்பதுண்டோ?

காலக் கணக்கையும் பார்ப்போம். ஜேர்மனியிலே குடியேறுவோருக்கு அரசு 2005 முதல் மொழி வகுப்புகளை நடத்துகின்றது. நாளாந்த வாழ்வைத் தாமே நடத்தத்தக்க இடைநிலைத் தேர்ச்சிக்கு அவர்கள் வகுத்திருப்பது 600 பாடவேளை. பாடவேளை ஒன்றுக்கு 45 நிமிடம்; ஆக, 450 மணி. அதுவும் தெருவிலும் கடையிலும் அம்மொழியே ஒலிக்கின்ற நாட்டிலே! நமது பலகைகள் கூறும் முப்பது நாளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி என்று வைத்தாலும் அறுபது மணிதான் வரும். நோர்வேயிலும் ஜேர்மனியிலும் பிரான்சிலும் நம்மவர், முப்பது நாற்பது வயதிற் சென்றவர்கள், வேலை முடிந்த களைப்போடு மாலை வகுப்பிற் குந்தியிருந்து அந்நாட்டு மொழிகளைக் கற்றனரே! தமிழனுக்கு மொழி கற்கும் ஆற்றல் இல்லை என்று எவர் சொல்ல முடியும்? அங்கே முறையான நிலையமும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் போதிய காலமும் இருந்தன. இங்கே அவை இல்லை. வேறுபாடு அவ்வளவே.

ஆகவே, நாம் முன்வைக்கும் யோசனை இது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் மக்களின் பொதுவான ஆங்கிலக் கற்கை நிலையங்கள் அமைதல் வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலே 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கோயில் மண்டபங்களும் தேவாலய மண்டபங்களும் இருக்கின்றன. பகலிற் பிள்ளைகள் நிறைந்திருக்கும் பாடசாலைகள் மாலையிலே வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஆசிரியருக்கும் பஞ்சமில்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியரும் அதிபரும் அவ்வொழுங்கைகளிலேயே வசிக்கின்றனர். ஏற்கெனவே இத்துறையில் நற்பணி செய்வோர் உளர். அவர்களையும் ஒன்று சேர்த்தல் வேண்டும். வாரத்தில் மூன்று மாலை, மாலைக்கு இரண்டு மணி, ஒன்றரை ஆண்டு நடத்தினால் 450 மணி நிறைவாகும். வகுப்புக்கு இருபது பேருக்கு மேற் சேர்த்தல் ஆகாது. கொடுக்கக்கூடியவர் கட்டணங் கொடுக்கட்டும். கொட்டாஞ்சேனைக் கடைப் பையனும் துறைமுகத் தொழிலாளியின் மகளும் இலவசமாகக் கற்கட்டும்.

வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர், பொறியியலாளர் ஆகிய வாசகர்களுக்கு ஒரு சொல். நீங்கள் கற்ற ஆங்கிலம் உங்கள் சொந்த முயற்சியால் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆயினும், அதற்குப் பின்னே இலவசக் கல்வியும் ஊரவரின் வியர்வையும் உண்டு. வாரத்தில் ஒரு மாலையை ஈந்து, அவ்வகுப்புகளில் மாணவரோடு ஆங்கிலத்திற் பேசுதல் உங்களுக்கு அரிதன்று. இலக்கணத்தைப் பயிற்றப்பட்ட ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பேச்சுத் துணையாக நீங்கள் இருந்தாற் போதும்.

கமக்கார வாசகர்களுக்கும் ஒரு சொல். இது கொழும்பு வாழ்வோரின் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே கற்பிப்பது ஆங்கிலத்தில். உங்கள் மண்ணைப் பற்றியும் பயிரைப் பற்றியும் ஆராய்ந்து கண்டவை ஆங்கிலக் கட்டுரைகளாகின்றன. அவை உங்கள் வரம்புக்கு வந்து சேர வேண்டுமாயின், ஆங்கிலத்தை விளங்கித் தமிழில் எடுத்துரைக்கக்கூடிய பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே தோன்றுதல் வேண்டும். ஆகவே, கொழும்பு நிலையங்கள் வேரூன்றிய பின் பரந்தனிலும் செட்டிகுளத்திலும் அவற்றின் கிளைகள் தோன்றுதல் அவசியம். ஆங்கில ஆசிரியரின் பயிற்சிக்கென அரசினர் மாவட்டங்களில் நடத்தும் பிராந்திய ஆங்கில நிலையங்களை மாலை வேளைகளில் ஊர் இளைஞருக்கும் திறந்துவிடுமாறு நமது பிரதிநிதிகள் நாடாளுமன்றத்திற் கேட்டல் வேண்டும். மகளை அறை வாடகைக்கு அமர்த்தித்தான் ஆங்கிலங் கற்பிக்க முடியும் என்னும் நிலை ஒழிதல் வேண்டும்.

கைத்தொலைபேசியே மொழிபெயர்த்துத் தருகின்ற காலமிது, இத்துணைப் பாடு எதற்கு என்று கேட்போர் உளர். மருந்துப் போத்தலின் பெயரை வாசிக்க அக்கருவி உதவும். நேர்முகப் பரீட்சையிலே உங்களுக்காக அது வாய் திறக்குமா? ஒப்பந்தத்தின் ஐந்தாம் பந்தியில் ஒளிந்திருக்கும் சூழ்ச்சியை அது கண்டு சொல்லும் என்று நம்பிக் கையொப்பமிடுவீர்களா? கருவி பிழை விட்டதை அறிவதற்கும் மொழி தெரிந்திருத்தல் வேண்டுமே!

பொது நிலையங்கள் தோன்றும் வரை பெற்றார் வாளாவிருக்க முடியாது. தனியார் வகுப்புக்கு அனுப்பத்தான் செய்வர். அனுப்புமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கற்பிப்பவர் எங்கே பயிற்சி பெற்றவர்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மொத்தம் எத்தனை மணி? ஒரு மணி நேரத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறந்து பேசும்? ஆட்டை வாங்குமுன் பல்லைப் பார்க்கிறோம். விதைநெல்லை வாங்குமுன் கையிற் கொட்டிப் பார்க்கிறோம். பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் பலகையைப் பார்த்து வாங்கலாமா? இக்கேள்விகளுக்கு முகங்கோணாது விடையளிக்கும் நல்ல ஆசிரியர்களும் அவ்வொழுங்கைகளிலே இருக்கின்றனர். அவர்களை இனங்காண்பதற்கும் இதுவே வழி.

1945இல் தகர்க்கப்பட்ட வேலி இன்று சத்தமில்லாமல் மீண்டும் எழுகிறது. முன்னர் பாடசாலை வாயிலில் நின்ற வேலி இப்போது காலி வீதிப் படிக்கட்டில் நிற்கிறது. காசுள்ளவன் ஏறுகிறான், இல்லாதவன் கீழே நின்று பலகையைப் பார்க்கிறான். இதனை அரசினர் மட்டும் தகர்ப்பர் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை கழிந்துவிடும். சங்கத்தாரே, ஆலய அறங்காவலரே, பழைய மாணவரே! ஒரு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு கரும்பலகையை மாட்டுங்கள். இருபது பிள்ளைகளைக் கொண்டு வருகின்ற தைமாதத்திலேயே தொடங்குங்கள். வெள்ளவத்தையில் ஒன்று, கொட்டாஞ்சேனையில் ஒன்று. தொடக்கத்துக்கு அவ்விரண்டும் போதும்.